தேக்கு சோபா, கிரீம் டைல்ஸ்: சுவருக்கு எந்த நிறம் எடுப்பது?

பெயின்ட் அடிக்க நாள் குறித்ததும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஷேட் கார்டைத்தான். புரட்டிப் பார்த்து, பிடித்த கட்டத்தை வட்டமிட்டு, பெயின்டரிடம் கொடுத்துவிடுகிறோம். திரைச்சீலை வேறொரு நாள் வேறொரு கடையில் வாங்குவது. அலமாரிக்கான மைக்கா, ஆசாரி கொண்டுவந்த ஆல்பத்தில் பார்த்துச் சொல்வது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகுதான். ஹாலில் சேர்ந்து நிற்கும்போது மட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன.

வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். தரை லேசில் மாறப் போவதில்லை. தேக்குச் சாமானை மாற்ற மனம் வராது. அலமாரியை மாற்றினால் செலவு கையைக் கடிக்கும். இவை எல்லாவற்றிலும் சுலபமாகவும் குறைந்த செலவிலும் மாறக்கூடியது சுவர் ஒன்றுதான். எனவே முதலில் தரை, அடுத்து மரம், பிறகு துணி, கடைசியில்தான் சுவர். சுவருக்கு நிறம் பார்த்துவிட்டு அதற்கேற்ற சோபாத் துணியைத் தேடி அலைவது வேலையை இரட்டிப்பாக்கும். பெயின்ட் எந்த நிறத்திலும் கலந்து கிடைக்கும், துணி அப்படிக் கிடைக்காது.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயத்தில் எதுவும் பிடிபடாது. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு ஹாலையே எடுத்துக்கொள்வோம். 16 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. மேற்கே பார்த்த பால்கனி. தரையில் கிரீம் நிற வைட்டிரிஃபைட் டைல்ஸ். தேக்கு வாசற்கதவு, தேக்கு சோபா செட், தேக்கில் ஒரு ஷோகேஸ். இந்த ஹாலுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு: நான்கு சுவரும் வெளிர் நிறம், நான்கு சுவரும் சாம்பல் கலந்த பச்சை, அல்லது மூன்று சுவர் வெளிர் நிறமாகவும் ஒன்று மட்டும் அடர் நிறமாகவும். எது எங்கே பலிக்கும், எது எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள்

கிரீம் என்று நாம் சொல்வது ஒரு நிறமல்ல, ஒரு குடும்பம். ஒரு ஏ4 தாளைத் தரையில் போட்டு, பகல் வெளிச்சத்தில் விளிம்பை மட்டும் பாருங்கள். அரை நிமிடத்தில் டைல்ஸின் அடியில் ஒளிந்திருக்கும் சாயல் மேலே வரும். சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் லேசான ரோஸ், சிலவற்றில் சாம்பல். இந்த அடிச்சாயல் தெரியாமல் சுவருக்கு நிறம் எடுக்கவே கூடாது.

அதே தாளை சோபாவின் கைப்பிடியில் வையுங்கள். தேக்கு பழுப்பு என்றுதான் நினைத்திருப்போம். தாளின் வெண்மைக்குப் பக்கத்தில் மெலமைன் பாலிஷ் போட்ட தேக்கு, பழுப்பு கலந்த ஆரஞ்சாகத் தெரியும். பழைய பிரெஞ்சு பாலிஷ் என்றால் அரக்கின் நிறமும் சேர்ந்து இன்னும் செம்மஞ்சளாக இருக்கும். ஈட்டி மரம் கருஊதா கலந்த பழுப்பு. பலா புதிதில் நல்ல மஞ்சள், ஆண்டுகள் போகப் போகச் செம்பழுப்பாக இறங்கும். ஹாலில் மரம் எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம். கதவு, சோபா, ஷோகேஸ் மூன்றும் தேக்கு என்றால் உங்கள் ஹாலில் ஏற்கெனவே ஒரு பலமான ஆரஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாததுபோல நிறம் எடுத்தால் பிறகு கண் உறுத்தும்.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றும் என்பதை முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் அந்தக் கறுப்பு வெளிறித் தெரிந்தது. 1839இல் இதை விரிவான நூலாகவே வெளியிட்டார். நம் ஹாலுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. ஒரு நிறம் தனக்கு எதிர்நிறத்தைப் பக்கத்தில் தூக்கிக் காட்டும். ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம். நீலச் சுவருக்கு முன்னால் தேக்கு சோபா இருப்பதைவிட ஆரஞ்சாகத் தெரியும். சிலருக்கு அதுவே வேண்டும், சிலருக்குத் திகட்டும்.

வெளிச்சம் பற்றி ஒரு திருத்தம்

"வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயில் வராது, குளிர்ந்த வெளிச்சம், அதனால் சூடான நிறம் அடியுங்கள்" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதியது. நம் ஊரில் பாதி உண்மைதான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் கடக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் இந்தக் காலம் இன்னும் நீளம். ஆகவே கோடையில் நம் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். வடக்குப் பார்த்த அறை என்றால் ஆண்டு முழுவதும் நிழல் என்று கணக்குப் போடாதீர்கள்.

மேற்குப் பால்கனிதான் உண்மையான சோதனை. மாலை 4 மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து, ஆரஞ்சு ஏறி, எதிர்ச் சுவரில் நேராக விழும். மஞ்சள் சாயல் உள்ள கிரீம் அந்த நேரத்தில் பொன்னிறமாகிவிடும். பீச் பழ நிறம் அடித்திருந்தால் ஹாலே காய்ச்சல் கண்டதுபோல் இருக்கும். பக்கச் சுவர்களில் வெயில் சாய்வாகத் தடவிக்கொண்டு போகும். பட்டி வேலையில் உள்ள மேடு பள்ளம், ரோலர் முடிந்த கோடு எல்லாம் அப்போது வெளியே வரும். அந்தச் சுவர்களில் பளபளப்பு அதிகமுள்ள எமல்ஷன் அடித்தால் குறை இன்னும் தூக்கலாகும். மேட் ஃபினிஷ்தான் அங்கே காப்பாற்றும். கை அடிக்கடி படும் நடைபாதைச் சுவருக்கு மட்டும் துடைத்தால் தாங்கும் ஃபினிஷை எடுத்துக்கொள்ளலாம்.

இரவு வெளிச்சம் வேறு கதை. பல்பு பெட்டியில் கெல்வின் என்று போட்டிருப்பது வெளிச்சத்தின் நிறம். 6500 கெல்வின் எல்இடி, அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், தேக்கின் உயிரையே எடுத்துவிடும், மரம் சாம்பல் பூசியதுபோல் நிற்கும். 3000 கெல்வினின் மஞ்சள் வெளிச்சத்தில் தேக்கு ஒளிரும், ஆனால் வெள்ளைச் சுவர் வெண்ணெய் நிறமாகும். இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டுமென்றால் 4000. ஹாலில் 3000த்தையும் 6500ஐயும் கலந்து மாட்டுவது மட்டும் வேண்டாம். ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். பல்பு பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னோர் எண் இருக்கும். 90க்கு மேல் இருந்தால் மரமும் துணியும் தத்தம் நிறத்தில் தெரியும். பெயின்ட் கலக்கும் முன்பே பல்பை முடிவு செய்துவிடுங்கள்.

முதல் வழி: நான்கு சுவரும் வெளிர்

பாதுகாப்பான வழி என்று பெயர். உண்மையில் அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான்.

ரோஸ் சாயல் உள்ள டைல்ஸின் மேல் மஞ்சள் சாயல் உள்ள கிரீம் சுவர் வந்தால், இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரியும். பெரும்பாலும் அழுக்காகத் தெரிவது டைல்ஸ். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் தரையை எவ்வளவு துடைத்தாலும் பழசாக இருக்கிறதே என்று தோன்றினால், குறை துடைப்பதில் இல்லை. இரண்டு கிரீம்களும் மிக நெருக்கமாக இருப்பதால் கண் அவற்றை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே நிறமாகவும் இல்லை, வேறு நிறமாகவும் இல்லை.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, டைல்ஸின் அடிச்சாயலையே சுவருக்கும் எடுத்து, நன்றாக ஒரு படி வெளிர்த்துவிடுவது. மற்றொன்று, வெளிச்ச அளவில் தெளிவான இடைவெளி விடுவது. பெரிய பெயின்ட் நிறுவனங்கள் தங்கள் நிறங்களுக்கு எல்ஆர்வி என்று ஓர் எண் கொடுக்கின்றன. அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பது அது. கறுப்பு சுழியை ஒட்டி இருக்கும், நல்ல வெள்ளை 85ஐத் தாண்டும். பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு பரப்புகளுக்கு இடையே 20 புள்ளியாவது வித்தியாசம் இருந்தால் வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும், 10க்குள் இருந்தால் தவறிப்போனதுபோல் தெரியும். இது அனுபவக் கணக்குதான், விதி அல்ல. எண் கிடைக்காவிட்டால் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். சுவரும் தரையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இடைவெளி போதவில்லை.

தூய வெள்ளை வேண்டுமா? மேற்கு வெயிலில் கண் கூசும். ஃபேன் காற்றில் படியும் தூசி சீலிங் ஓரத்தில் கோடு கட்டும். சுவிட்ச் போர்டைச் சுற்றி கை அழுக்கு வளையம் விழும். வெள்ளைக்கு ஒரு துளி சாம்பலோ பழுப்போ சேர்ந்த ஆஃப்-ஒயிட், எல்ஆர்வி 75ஐ ஒட்டி, இந்த ஹாலுக்குப் போதும். தேக்கும் அதன் முன்னால் அமைதியாக நிற்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வெளிர் சுவருக்குப் பொருத்தமாக உள்கதவுகளுக்கு வெள்ளை எனாமல் அடிப்பவர்கள், எண்ணெய் சார்ந்த எனாமல் மஞ்சளாகும் என்பதை நினைவில் வையுங்கள். அதிலும் வெளிச்சம் படாத இடத்தில்தான் அதிகம் மஞ்சளாகும். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவின் பின்பக்கம், அலமாரியின் உள்பக்கம் இவைதான் முதலில் நிறம் மாறும். தண்ணீரில் கரையும் எனாமலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

வெளிச்சம் குறைந்த ஹால், எதிரே அடுத்த கட்டடம் நெருக்கமாக நிற்கும் வீடு, வாடகைக்கு விடும் வீடு: இவற்றுக்கு இந்த முதல் வழிதான்.

இரண்டாம் வழி: சாம்பல் கலந்த பச்சை

காய்ந்த துளசி இலையின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்ஆர்வி 50 முதல் 60 வரை. நாம் எடுத்துக்கொண்ட ஹாலுக்கு எங்கள் தேர்வு இதுதான், அதற்குக் காரணமும் உண்டு.

பச்சை ஆரஞ்சுக்கு நேர் எதிர்நிறம் அல்ல, சற்றுத் தள்ளி நிற்கிறது. எனவே தேக்கு எடுபடும், ஆனால் கத்தாது. அதில் கலந்த சாம்பல் டைல்ஸின் கிரீமோடு சண்டைக்குப் போகாது. மேற்கு வெயில் விழும்போது அதன் ஆரஞ்சு இந்தப் பச்சையைத் தணித்து, சுவரை மணல் நிறத்துக்குக் கொண்டுவரும். கண் கூசாது. மரமும் இலையும் சேர்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இந்தச் சேர்க்கை அந்நியமாகவும் தெரியாது.

தவறு நடப்பது தேர்வில். ஷேட் கார்டில் கண்ணுக்குக் குளுமையாக, "ஆ, என்ன அழகான பச்சை" என்று தோன்றும் கட்டத்தை எடுத்தால் முடிந்தது. நான்கு சுவரிலும் ஏறும்போது அது பிஸ்தா ஐஸ்கிரீம் ஆகிவிடும், அல்லது ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிடும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மீது வீசிக்கொள்வதால் நிறம் கார்டில் இருப்பதைவிட அடர்ந்து தெரியும். எனவே கார்டில் பார்க்கும்போது "இது பச்சையே இல்லையே, சாம்பல்தானே" என்று தோன்றும் கட்டத்தை எடுங்கள். சுவரில் அது பச்சையாகும்.

இந்த நிறத்துக்கு 6500 கெல்வின் பல்பு ஆகவே ஆகாது. நீலம் ஏறிப் புதினா நிறத்தில் தெரியும். 3000 அல்லது 4000.

"சாம்பலே அடித்துவிட்டால் என்ன, அதுதானே இப்போது எல்லோரும் அடிப்பது?" என்று கேட்பவர்களுக்கு: கிரீம் டைல்ஸ் உள்ள வீட்டில் நீலச் சாயல் உள்ள சாம்பல் வேண்டாம். அதன் பக்கத்தில் கிரீம் மஞ்சள் பூத்த பல்லின் நிறமாகிவிடும். சாம்பல் சுவர், சாம்பல் தரைக்கும் வெள்ளைத் தரைக்கும் ஏற்றது. கிரீம் தரையோடு சாம்பல் வேண்டுமானால் பழுப்புச் சாயல் உள்ளதாகப் பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடாக இருந்தால் கணக்கே வேறு. கண்ணாடித் தட்டின்மேல் வண்ண சிமென்டை ஊற்றி வார்க்கும் அந்தக் கற்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஏற்கெனவே போதுமான அளவு பேசிக்கொண்டிருக்கும். சுவர் அங்கே வாயைத் திறக்கக் கூடாது. சுண்ணாம்பு வெள்ளையை ஒட்டிய ஒன்று போதும். ரெட் ஆக்சைடு தரைக்கும் பச்சைச் சுவர் வேண்டாம். சிவப்புக்குப் பச்சை நேர் எதிர்நிறம், தரை பற்றி எரியும்.

மூன்றாம் வழி: ஒரு சுவர் மட்டும் அடர்

மயில்கழுத்து, பாட்டில் பச்சை, அரக்கு. சரியாக அமைந்தால் மூன்று வழிகளிலும் இதற்கு ஈடில்லை. சரியாக அமைய ஐந்தாறு நிபந்தனைகள் இருக்கின்றன.

எந்தச் சுவர்? பால்கனி இருக்கும் சுவர் வேண்டாம். பிரகாசமான திறப்பைச் சுற்றி அடர் நிறம் வந்தால் கண் இரண்டுக்கும் நடுவே திண்டாடும். ஹாலின் 11 அடிச் சுவர், அதிலும் டிவி மாட்டும் சுவர் நல்லது. அணைத்துவைத்த டிவியின் கறுப்புச் சதுரம் அடர் நிறத்தில் மறைந்துவிடும். வாசற்கதவு உள்ள சுவரும் வேண்டாம், இடையிடையே திறப்பு வந்து நிறம் துண்டு துண்டாகும்.

ஈரம் ஏறும் சுவர் அறவே கூடாது. தரைத்தளத்தில் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி வரை உப்புப் பூக்கும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், வெளிப்பக்கம் மழையடிக்கும் சுவர்: இவற்றில் வெளிர் நிறம் என்றால் உப்புப் பூத்தது அவ்வளவாகத் தெரியாது. மயில்கழுத்தில் ஒரு பிடி கோலமாவைத் தூவியதுபோல் தெரியும். புதுச் சுவர் என்றால் பூசி 28 நாளாவது காய்ந்திருக்க வேண்டும். சிமென்டின் காரம் சில நிறமிகளை வெளுக்க வைக்கும், திட்டுத் திட்டாக நிறம் மாறும்.

பெயின்டிலும் ஒரு நுட்பம் உண்டு. அடர் நிறங்களைக் கலக்கும் அடிப்பெயின்டில் வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு குறைவாகவே இருக்கும். அதுதான் அடியில் இருப்பதை மூடும் பொருள். ஆகவே அரக்கு, மாம்பழ மஞ்சள் போன்ற நிறங்கள் இரண்டு கோட்டில் மூடாது, அடியிலுள்ள வெள்ளை ப்ரைமர் எட்டிப் பார்க்கும். மூன்று கோட், சில நேரம் நான்கு. வெள்ளை ப்ரைமருக்குப் பதில் சாம்பல் கலந்த ப்ரைமர் அடித்துவிட்டு மேலே ஏற்றினால் ஒரு கோட் மிச்சமாகும். இதைப் பெயின்டரிடம் கேட்டு வாங்குங்கள், வெள்ளை ப்ரைமர் கையில் இருந்தால் பெரும்பாலும் அதையே அடித்துவிடுவார்கள்.

அடர் மேட் சுவரில் நாற்காலி முதுகு உரசினால், ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால், அந்த இடம் மட்டும் பளபளக்கும். பிறகு போகாது. அங்கே மட்டும் டச்-அப் செய்தாலும் திட்டாகத் தெரியும், மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரும் அடித்தாக வேண்டும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மரம் ஈட்டியாக இருந்தால் அடர் சுவர் வேண்டாம். இருட்டில் இருட்டு, சோபாவே காணாமல் போகும். தேக்கு என்றால் பாட்டில் பச்சை முதல் தேர்வு, மயில்கழுத்து அடுத்தது. அரக்கு வேண்டாம், தேக்கின் ஆரஞ்சும் அரக்கின் சிவப்பும் ஒரே குடும்பம், ஒன்றையொன்று விழுங்கும்.

சேர்க்கையில் சந்தேகம் வந்தால் பீரோவைத் திறந்து காஞ்சிபுரம் புடவையைப் பாருங்கள். மயில்கழுத்து உடலில் அரக்குக் கரை. இரண்டும் ஒரே அளவு அடர்த்தி, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் சண்டை போடும் நிறங்கள். புடவையில் ஏன் போடவில்லை? உடல் நிறைய, கரை குறைவு, கரையில் இரண்டையும் சேரவிடாமல் சமாதானம் செய்யும் ஜரிகை. ஹாலிலும் இதே கணக்குதான். ஏறத்தாழ 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இன்னொன்று, 10 பங்கு எடுப்பு என்று உள்ளலங்காரக்காரர்கள் சொல்வதும் இதைத்தான். அடர் சுவர் பக்கத்துச் சுவரைச் சந்திக்கும் இடத்தில் மரச்சட்டம், கதவு நிலை, வெள்ளைப் பட்டை என்று ஏதாவது ஒரு ஜரிகை இருக்கட்டும். மூலையில் கோடு நேராக இல்லாவிட்டால் முழு வேலையும் கெட்டுப்போகும். மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்து, கடைசி கோட் முழுக்கக் காயும் முன் டேப்பை எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயின்டும் சேர்ந்து உரியும்.

அலமாரி: மரம்போன்ற மைக்காவா, ஒற்றை நிறமா?

இது தனி முடிவு, ஆனால் சுவரைவிட அதிக நாள் உங்களோடு இருக்கும் முடிவு.

தேக்கு இருக்கும் வீட்டில் தேக்கு வரி அச்சிட்ட மைக்கா வைக்காதீர்கள். இன்று பொருத்தமாகத்தான் இருக்கும். அசல் தேக்கு வெளிச்சம் பட்டு ஆண்டுக்கு ஆண்டு நிறம் முதிரும். மைக்கா அதோடு சேர்ந்து முதிராது. சில ஆண்டுகளில் இரண்டும் பிரிந்து நிற்கும், அப்போது போலி எது என்று வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அச்சிட்ட வரி அகலமான கதவுகளில் திரும்பத் திரும்ப ஒன்றுபோல் வருவதும் கண்ணில் பட்டுவிடும். அசல் மரத்துக்குப் பக்கத்தில் ஒற்றை நிற மேட் மைக்காதான் மரியாதை: சந்தனம், மங்கலான பச்சை, மணல். வீட்டில் அசல் மரமே இல்லையென்றால் மரவரி மைக்கா தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரே ஒரு மர நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளை மைக்காவில் ஒரு குறை ஷோரூமில் தெரியாது. மைக்காவின் மேல்தாள்தான் வெள்ளை, உள்ளே பழுப்புக் காகித அடுக்கு. 1 மில்லிமீட்டர் தாளை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு கதவின் விளிம்பிலும் பழுப்புக் கோடு ஓடும். வெளிர் நிறம் எதுவானாலும் இது உண்டு, வெள்ளையில் கண்ணைக் குத்தும். விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் மெல்லியதாகத் தெரியத்தான் செய்யும்.

8 அடிக்கு 4 அடித் தாள் என்பது 32 சதுர அடி. தேவையான பரப்பைக் கணக்கிட்டு 15 சதவீதம் கூட்டி, எல்லாத் தாளையும் ஒரே தடவையில், ஒரே பேட்சில் வாங்குங்கள். நடுவில் ஒரு தாள் குறைந்து மறுபடி வாங்கினால் எண் ஒன்றாக இருந்தும் நிறம் அரைக்கால் படி தள்ளி வரக்கூடும். மரவரி என்றால் வரியின் திசை பார்த்து வெட்ட வேண்டியதால் கழிவு இன்னும் கூடும்.

பரண் கதவுகளுக்கு அலமாரி நிறம் வேண்டாம், சுவரின் நிறத்தையே கொடுங்கள். அவை கண்ணிலிருந்து மறையும், அறை உயரமாகத் தெரியும்.

சமையலறைக்கு மேல் கபோர்டு வெளிர், கீழ் கபோர்டு நடுத்தர நிறம். முழுக்க வெள்ளை என்றால் மஞ்சள்தூள் கறை. அடுப்புக்குப் பக்கத்துக் கதவுதான் முதலில் பலியாகும். முழுக்க அடர் பளபளப்பு என்றால் கைரேகையும், போர்வெல் உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைப் புள்ளிகளும். உப்புத் தண்ணீர் ஊர்களில் கறுப்புக் குழாயும் கறுப்பு சிங்க்கும் வாங்குவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். சாம்பல் கலந்த நடுத்தர மேட் நிறங்கள் இரண்டையும் மறைக்கும்.

மாதிரி பார்ப்பதும் அளவும்

ஷேட் கார்டில் உள்ள ஓர் அங்குலத்தை நம்பி ஒரு ஹாலை ஒப்படைக்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டு அட்டைக்கு வெள்ளை ப்ரைமர் அடித்து, சுற்றிலும் இரண்டு அங்குல வெள்ளை ஓரம் விட்டு, நடுவில் இரண்டு கோட் நிறம் அடியுங்கள். சுவரிலேயே அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும், ஷெவ்ரல் சொன்னதுபோல. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எமல்ஷன் காய்ந்தால் ஒரு படி அடரும். காய்ந்த அட்டையைத் தரையோடு ஒட்டி ஒரு முறை, சோபாவுக்குப் பின்னால் ஒரு முறை, டிவி சுவரில் ஒரு முறை நிறுத்துங்கள். காலை 8, நண்பகல், மாலை 5, இரவு பல்பு வெளிச்சம் என்று நான்கு நேரமும் பாருங்கள். நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு நண்பகல் நிறம் முக்கியம். வேலைக்குப் போய் இரவு 7 மணிக்கு வருபவர்களுக்கு இரவு நிறம்தான் அவர்கள் வீட்டு நிறம்.

மைக்காத் துண்டும் சோபாத் துணியும் கடையில் பொருந்தி வீட்டில் பொருந்தாமல் போவதும் நடக்கும். வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பொருள்கள் ஒரு விளக்கின்கீழ் ஒன்றாகவும் வேறு விளக்கின்கீழ் வேறாகவும் தெரியும். துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஹாலுக்கு அளவு இப்படி வரும். சுற்றளவு 54 அடி, உயரம் 10 அடி, 540 சதுர அடி. கதவும் பால்கனித் திறப்பும் 90 என்று கழித்தால் 450. நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 120 சதுர அடி போகும், ஆகவே 4 லிட்டர். சீலிங் 176 சதுர அடி, ஒன்றரை லிட்டர். 11 அடிச் சுவர் ஒன்று மட்டும் அடர் நிறம் என்றால் 110 சதுர அடிதான், ஒரு லிட்டர் போதுமென்று தோன்றும். மூன்று நான்கு கோட் போகும் என்பதால் 2 லிட்டர் வாங்குங்கள். ஒரே நிறத்தில் இரண்டு டின் இருந்தால் பெரிய வாளியில் இரண்டையும் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்தாலும் டின்னுக்கு டின் மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், அது சுவரின் நடுவில் தெரியக் கூடாது. கோட்டுக்குக் கோட் டின்னில் போட்டிருக்கும் நேரம், பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம், விடவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் கூடுதலாக.

வேலை முடிந்ததும் டின் மூடியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டையும் ஃபினிஷின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பரண் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். மிச்சமான அரை லிட்டரைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, விளிம்புவரை நிரப்பி, இறுக மூடித் தலைகீழாக வையுங்கள். பெரிய டின்னில் அடியில் விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் காற்றில் ஏடு கட்டிப் பாழாகிவிடும்.